மருத்துவமனை நேர்காணலில் பணியிட உறவுகள் பற்றிய கேள்விகள்: புதிய செவிலியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தனியார் மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கான நேர்காணல் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நகரும். முதலில் சான்றிதழ்களையும் நர்சிங் கவுன்சில் பதிவையும் பார்ப்பார்கள். பிறகு வைட்டல்ஸின் (நாடி, ரத்த அழுத்தம் போன்ற உயிர்நிலை அளவுகள்) இயல்பு அளவுகள், மருந்துக் கணக்கு, சி.பி.ஆரில் (இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவி) நெஞ்சழுத்தத்துக்கும் மூச்சுக்கும் உள்ள 30:2 விகிதம் போன்றவற்றைக் கேட்பார்கள். இவற்றுக்கெல்லாம் தயங்காமல் விடை சொல்லி வந்தவர்கள்கூட, “உங்களோடு வேலை செய்பவர்களோடு நல்ல உறவை எப்படி வளர்த்துக்கொள்வீர்கள்?” என்று நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் கேட்டதும், “எல்லாரோடும் நல்லா பழகுவேன், மேடம்” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். பாடக் கேள்விகளில் பலரும் தேறிவிடுவதால், சம மதிப்பெண் பெற்ற இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரும்போது நேர்காணல் குழுவினர் எடைபோட்டுப் பார்ப்பது இந்த விடையைத்தான். அந்த ஒரு வரியில் எடைபோட ஒன்றுமே இல்லை.

பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம். பட்டயப் படிப்போ முடித்து முதல் வேலை தேடுவோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். லேப் டெக்னீஷியன், ரேடியோகிராஃபர், பிசியோதெரபிஸ்ட் பணிக்குச் செல்வோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கேள்விக்குள் இருக்கும் கேள்வி

நீங்கள் இனிமையானவரா, சிரித்த முகமாக இருப்பீர்களா என்று அறிந்துகொள்வதற்காக இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. ஒரு நோயாளி இருபத்துநான்கு மணி நேரமும் வார்டில் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்பவர்களோ ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். காலையில் இருந்தவர் கவனித்த ஒரு மாற்றம், மதியம் வருபவருக்கும் இரவு வருபவருக்கும் டியூட்டி டாக்டருக்கும் சிதையாமல் போய்ச் சேர வேண்டும். அது போய்ச் சேருவதற்கான வழி, அங்கே வேலை செய்பவர்களுக்கு இடையே உள்ள உறவுதான். மூத்த சிஸ்டரிடம் பேசப் பயப்படும் புதியவர் தன் ஐயத்தைக் கேட்காமல் விட்டுவிடுவார். டாக்டர் கத்துவார் என்று அஞ்சுபவர் இரவு இரண்டு மணிக்கு அழைக்க வேண்டிய அழைப்பை விடியும்வரை தள்ளிப்போடுவார். இரண்டிலும் பாதிக்கப்படுபவர் படுக்கையில் இருப்பவர்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை அறிமுகப்படுத்தியது. தோலைக் கீறுவதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வின் முடிவுகள் 2009-இல் வெளியாயின: அறுவைக்குப் பிந்தைய மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. இந்தக் குறைவு முழுவதையும் அறிமுகம் ஒன்றின் கணக்கில் எழுத முடியாது. பட்டியலில் வேறு பல சோதனைகளும் இருக்கின்றன. ஆயினும், ஒருவர் பெயரை ஒருவர் அறிந்திருப்பதை நாகரிகமாக மட்டும் கருதாமல் நோயாளியின் பாதுகாப்புக்கான நடவடிக்கையாகவே அதை வகுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்களை நேர்காணல் செய்யும் நர்சிங் சூப்பரின்டெண்டன்டும் அதே கண்ணோடுதான் உங்கள் விடையைக் கேட்கிறார். ஆகவே உறவு பற்றி நீங்கள் சொல்லும் எந்த விடையும் கடைசியில் நோயாளியின் படுக்கையில் வந்து நிற்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் எல்லாப் படிகளும் எளிதாகிவிடும்.

முதல் படி: ஒரு ஷிஃப்டில் யார் யாரோடு பேசுகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, கிளினிக்கல் போஸ்டிங்கில் கழித்த ஒரு நாளை நினைவுக்குக் கொண்டுவந்து, காலையில் ஹேண்டோவர் (ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது) வாங்கியதிலிருந்து மதியம் ஹேண்டோவர் கொடுத்ததுவரை யாரிடமெல்லாம் பேசினீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். இரவு ஷிஃப்ட் நர்ஸ், வார்டு இன்சார்ஜ், டியூட்டி டாக்டர், ரவுண்ட்ஸ் வந்த கன்சல்டன்ட், ரத்த மாதிரியை வாங்கிப்போன லேப் பணியாளர், மருந்து வராததால் தொலைபேசியில் பேசிய பார்மசி, உணவு ஆலோசகர், பிசியோதெரபிஸ்ட், ஸ்ட்ரெச்சர் தள்ளிய வார்டு பாய், படுக்கை விரிப்பு மாற்றிய ஆயாம்மா, தரை துடைத்த ஹவுஸ்கீப்பிங் பெண், டிஸ்சார்ஜ் நாளில் பில்லிங் கவுன்டரும் காப்பீட்டுப் பிரிவும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

பலரும் “சக பணியாளர்” என்றவுடன் உடன் பணிபுரியும் நர்ஸ்களையும் டாக்டர்களையும் மட்டுமே நினைத்துப் பேசுகிறார்கள். ஹவுஸ்கீப்பிங் பணியாளரையும் வார்டு பாயையும் தாமாகவே தம் விடையில் கொண்டுவருபவரை நேர்காணல் குழு கட்டாயம் கவனிக்கும். வார்டு எப்படி ஓடுகிறது என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: உங்கள் சொந்த நிகழ்வுகளைத் திரட்டுங்கள்

“எனக்கு அனுபவம் இல்லையே, எதைச் சொல்வது?” என்பது புதியவர்களின் முதல் கவலை. இந்தக் கவலைக்கு அடிப்படை இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிரசவ வார்டில் நின்ற நாட்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரோடு வீடுவீடாகப் போன சமுதாய நலப் பயிற்சி, உள்ளிருப்புப் பயிற்சியில் பார்த்த இரவு ஷிஃப்டுகள் எல்லாம் அனுபவமே. பார்த்தவற்றுள் பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை.

ஒரு நிகழ்வு நேர்காணலுக்கு உதவுமா என்று அறிய மூன்றைப் பாருங்கள். அதில் நீங்களே ஏதாவது செய்திருக்க வேண்டும்; பக்கத்தில் நின்று பார்த்தது போதாது. இன்னொரு பணியாளரோடு பேசவோ, இணங்கவோ, மறுக்கவோ வேண்டிய கட்டம் அதில் இருந்திருக்க வேண்டும். அதன் விளைவு, சிறிதளவேனும், நோயாளியைத் தொட்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தும் நிகழ்வுகள் நான்கைந்து கிடைத்துவிட்டால், கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவற்றில் ஒன்றைத் திருப்பிப் பொருத்திவிடலாம். பெரிய நிகழ்வாக இருக்க வேண்டும் என்பதில்லை. குறைப்பிரசவக் குழந்தையின் தாய்க்கு தாய்ப்பால் எடுக்கச் சொல்லித்தர, மொழி தெரிந்த இன்னொரு மாணவியை வேறு வார்டிலிருந்து அழைத்து வந்தது போன்ற சிறு செயல், உயிரைக் காப்பாற்றியதாகச் சொல்லும் பெரிய கதையைவிட நம்பத்தக்கதாக இருக்கும். நடக்காததைச் சொல்லவே கூடாது. வார்டில் பல ஆண்டுகள் நின்றவர்கள் “அப்போது சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) எவ்வளவு இருந்தது?” என்று ஒரே ஒரு துணைக்கேள்வி கேட்டால் கட்டுக்கதை குலைந்துவிடும்.

நிகழ்வை எழுதும்போதே நோயாளியின் பெயர், ஊர், அடையாளம் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். “ஐம்பது வயதைக் கடந்த ஒரு சர்க்கரை நோயாளி” என்ற அளவு போதும். நேர்காணலில் நோயாளியின் பெயரை உதிர்ப்பவர், நாளை இந்த மருத்துவமனை நோயாளிகளின் பெயரையும் வெளியே உதிர்ப்பார் என்றுதான் குழு நினைக்கும்.

மூன்றாம் படி: விடைக்கு ஒரு வடிவம் கொடுங்கள்

நிலைமை என்ன, அதில் உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைந்தது என்ன என்ற நான்கு பகுதிகளாகச் சொல்வது பல துறை நேர்காணல்களிலும் பழகிப்போன முறை. புதியவர்கள் இதில் தவறும் இடம் ஒன்று உண்டு. நிலைமையை விவரிப்பதிலேயே ஒன்றரை நிமிடத்தைச் செலவழித்துவிட்டு, தாம் செய்ததை “அப்புறம் பேசித் தீர்த்துட்டோம்” என்று அரை வரியில் முடித்துவிடுகிறார்கள். குழுவுக்கு வேண்டியது அந்த அரை வரிக்குள் இருப்பதுதான். என்ன சொற்களில் பேசினீர்கள், எங்கே வைத்துப் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கே நேரத்தின் பாதிக்கு மேல் ஒதுக்குங்கள். முழு விடையும் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

“நாங்கள் செய்தோம்” என்பதையும் “நான் செய்தேன்” என்பதையும் கலக்காமல் பிரித்துச் சொல்லுங்கள். அடக்கமாகப் பேச வேண்டும் என்று வளர்ந்த நமக்கு “நான்” என்று சொல்லக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் குழு வேலைக்கு எடுக்கப்போவது உங்களை மட்டுமே, உங்கள் வகுப்பையன்று. குழுவாகச் செய்ததைக் குழுவின் பெயரிலும், அதில் உங்கள் பங்கை உங்கள் பெயரிலும் சொல்வதில் தற்பெருமை எதுவும் இல்லை.

நான்காம் படி: அடிக்கடி வரும் கேள்விகளுக்கு ஒத்திகை பாருங்கள்

“புதிய வார்டில் சேர்ந்தால் மற்றவர்களோடு எப்படி இணைவீர்கள்?” என்பது எளிய கேள்வி. முதல் வாரத்தில் என்ன செய்வீர்கள் என்று நேரடியாகச் சொல்லுங்கள்: “ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுவேன்; ஹேண்டோவர் கொடுப்பவர் வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பார் என்பதால் அது அவருக்கும் உதவியாக இருக்கும். க்ராஷ் கார்ட் (அவசர மருந்துகளும் கருவிகளும் உள்ள தள்ளுவண்டி) எங்கே இருக்கிறது, இந்த வார்டில் எந்த டாக்டரை எந்த எண்ணில் அழைப்பது என்பதை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்வேன். என் வேலை முடிந்துவிட்டால், பக்கத்துப் படுக்கைகளைப் பார்க்கும் சிஸ்டரிடம் போய் என்ன உதவி வேண்டும் என்று கேட்பேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்வேன்.” இதில் அன்பு, பாசம், குடும்பம் போன்ற சொற்கள் எதுவும் இல்லை, இருந்தும் இப்படி நடந்துகொள்ளும் புதியவரை எந்த வார்டும் விரும்பும்.

“சக நர்ஸோடு கருத்து வேறுபாடு வந்ததுண்டா?” என்ற கேள்விக்கு “இல்லை, எனக்கு யாரோடும் சண்டையே வந்ததில்லை” என்று சொல்வது மிகப் பழகிய பொறி. உண்மையிலேயே வந்திருக்காது என்று யாரும் நம்பப்போவதில்லை. வந்திருந்தும் மறைக்கிறார், அல்லது வேறுபாடு வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்கிறார் என்றே எண்ணுவார்கள். சிறிய, ஆனால் உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக இப்படிச் சொல்லலாம்: “உள்ளிருப்புப் பயிற்சியில், என்னோடு இருந்தவர் ஹேண்டோவரில் இன்டேக்–அவுட்புட் சார்ட்டை (நோயாளியின் உடலுக்குள் போகும், வெளியேறும் திரவக் கணக்கு) நிரப்பாமலேயே போய்விடுவார். இரண்டு முறை நானே கணக்குப் பார்த்து நிரப்பினேன். மூன்றாவது முறை, சிறுநீரகப் பாதிப்பு உள்ள ஒரு நோயாளியின் சார்ட் வெறுமையாக இருந்தது. எல்லாருக்கும் முன்னால் கேட்காமல், டியூட்டி முடிந்ததும் தனியே அழைத்து, ‘எனக்கு எட்டு மணி நேரக் கணக்குத் தெரியாமல் டாக்டரிடம் என்ன சொல்வது என்று புரியவில்லை’ என்றேன். அவருக்குக் கடைசி ஒரு மணி நேரத்தில் அட்மிஷன் குவிந்துவிடுவதை அப்போதுதான் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடனுக்குடன் எழுதிவிடுவது என்று பேசிக்கொண்டோம். அதன் பிறகு சார்ட் விடுபடவில்லை.” இதைக் கேட்பவர்களுக்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன: விடை சொன்னவர் முதுகுக்குப் பின்னால் போய்க் குறை சொல்லவில்லை, முன்னால் வைத்து அவமானப்படுத்தவும் இல்லை, எதிராளியின் காரணத்தைக் கேட்டறிந்தார். உங்கள் நிகழ்வு வேறாக இருக்கும். இந்த மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றை இங்கே வேறுபடுத்திச் சொல்ல வேண்டும். பாலியல் நோக்கத்தோடு யாரேனும் நடந்துகொள்வதைக் கருத்து வேறுபாட்டுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்து பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது. “அப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், “உள்ளகக் குழுவிடம் எழுத்துமூலம் புகார் கொடுப்பேன்” என்பதே முழுமையான விடை. அனுசரித்துப்போவேன் என்று சொல்லி நல்ல பெயர் வாங்க வேண்டியதில்லை.

டாக்டர் கோபித்தால்

“இரவில் ஒரு டாக்டரை அழைக்கிறீர்கள், அவர் எரிந்து விழுகிறார். என்ன செய்வீர்கள்?” இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே போங்கள். “பொறுத்துக்கொள்வேன்” என்பது பாதி விடை. “நானும் பதில் பேசுவேன்” என்பது தவறான விடை. மீதிப் பாதியில்தான் உங்கள் தொழில் திறன் இருக்கிறது.

எஸ்-பார் (SBAR) என்று நர்சிங் கல்லூரியில் படித்திருப்பீர்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கிய முறையைத் தழுவி, 2000-களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ அமைப்பில் மருத்துவமனைக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது அது. இப்போதைய நிலை, அதற்கு முந்தைய பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள் என்ற நான்கையும் அதே வரிசையில் சொல்வதுதான் முறை. அதிகாரத்தில் மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் பதற்றமில்லாமல் பேசுவதற்கு இந்த வரிசை ஒரு பிடிமானமாகிறது. நேர்காணலில் “எஸ்-பார் பயன்படுத்துவேன்” என்று பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், பேசியே காட்டுங்கள்:

“சார், ஆண்கள் சர்ஜிக்கல் வார்டிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசுகிறேன். பத்தாம் படுக்கை நோயாளிக்கு ரத்த அழுத்தம் 90/60-க்கு இறங்கியிருக்கிறது, நாடித்துடிப்பு 124. நேற்று மாலை வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தவர். இரவு பத்து மணிக்கு ரத்த அழுத்தம் 120/80, நாடி 88 இருந்தது. கடைசி ஒரு மணி நேரத்தில் ட்ரெயின் குழாயில் 200 மில்லி ரத்தம் வந்திருக்கிறது. உள்ளே ரத்தக்கசிவு இருக்குமோ என்று ஐயப்படுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். அதற்குள் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.”

இவ்வளவையும் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. தொலைபேசியில் டாக்டர் சொல்லும் மருந்தையும் அளவையும் எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்துகொள்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த துணைக்கேள்வி, “அப்படியும் அவர் வரவில்லை என்றால்?” என்பதாக இருக்கும். “வார்டு இன்சார்ஜிடமோ இரவு நர்சிங் சூப்பர்வைசரிடமோ உடனே தெரிவிப்பேன், அடுத்த நிலை டாக்டரை அழைக்கச் சொல்வேன், அழைத்த நேரத்தையும் பேசியவரையும் நர்ஸ் நோட்ஸில் எழுதுவேன்” என்று படிப்படியாகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்ட டாக்டரைப் பற்றிக் கடைசியில் ஒரு வாக்கியம் போதும்: மறுநாள் அவர் இயல்பாக இருக்கும் நேரத்தில் பேசுவேன், மரியாதையற்ற பேச்சு தொடர்ந்தால் இன்சார்ஜ் வழியாகக் கொண்டுபோவேன்.

தோழி கையெழுத்து கேட்டால்

இந்தக் கேள்வியில்தான் நல்லவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். இன்சுலின், ஹெப்பாரின், அடர் பொட்டாசியம் குளோரைடு போன்ற உயர் அபாய மருந்துகளைக் கொடுப்பதற்கு முன் இரண்டு நர்ஸ்கள் தனித்தனியே சரிபார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. வேலை குவிந்திருக்கும் நேரத்தில், உங்களுக்கு எல்லா உதவியும் செய்யும், உங்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழி வந்து, “நான் பார்த்துட்டேன்டி, நீ கையெழுத்து மட்டும் போடு” என்கிறார். என்ன செய்வீர்கள்?

நம் ஊரில் இன்சுலின் குப்பி மில்லிலிட்டருக்கு 40 யூனிட் அடர்வில் கிடைக்கிறது, 100 யூனிட் அடர்விலும் கிடைக்கிறது. அவற்றுக்கான சிரிஞ்சுகளும் தனித்தனி. 40 யூனிட்டுக்கான சிரிஞ்சில் 100 யூனிட் இன்சுலினை எடுத்துவிட்டால், கோடு சரியாகவே இருக்கும், உள்ளே போகும் மருந்து மட்டும் இரண்டரை மடங்காகிவிடும். தோழி பொய் சொல்லவில்லை; அவர் பார்த்தது உண்மைதான். கவனமானவர் பார்த்தும் கண்ணில் படாத பிழைக்காகத்தான் இரண்டாவது ஆள் வைக்கப்பட்டிருக்கிறார். எனவே நேர்காணலில் உங்கள் விடை இப்படி அமையலாம்: “குப்பியையும் சிரிஞ்சையும் என் கையில் வாங்கி, மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுவேன். அதற்கு அரை நிமிடம் ஆகும். அவளை நம்பாததால் இல்லை, நாளை நான் கொண்டுவரும் சிரிஞ்சையும் அவள் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்வேன்.” உறவைக் கெடுக்காமல் மறுக்கத் தெரிகிறது என்பதையும், உறவுக்காக விதியை வளைக்க மாட்டீர்கள் என்பதையும் இந்த ஒரே விடை காட்டிவிடும். என் கணிப்பில், பணியிட உறவு பற்றிக் கேட்கப்படும் எல்லாக் கேள்விகளிலும் ஒருவரைச் சரியாக அளப்பது இதுதான். ஆகவே இதற்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஒத்திகை பாருங்கள்.

இதற்கு நெருங்கியது, “சக பணியாளர் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டதைப் பார்த்தால்?” என்ற கேள்வி. வரிசை மாறாமல் சொல்லுங்கள்: முதலில் நோயாளியைப் பார்த்து வைட்டல்ஸ் எடுப்பது, உடனே டாக்டருக்குத் தெரிவிப்பது, பிறகு இன்சார்ஜுக்குத் தெரிவிப்பது, கடைசியில் சம்பவ அறிக்கைப் படிவம். தவறு செய்தவரே அறிக்கை எழுத நான் பக்கத்தில் இருந்து துணை செய்வேன் என்று சொல்வது கூடுதல் நன்மை. மறைத்துக் காப்பாற்றுவதும், மாட்டிவிடுவதற்காகவே ஓடிப்போய்ச் சொல்வதும் குழுவுக்கு ஒரே அளவு அச்சத்தைத் தரும்.

ஹவுஸ்கீப்பிங் பணியாளர்களோடு

“உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களை எப்படி நடத்துவீர்கள்?” என்று கேட்டால், “மரியாதையாகப் பேசுவேன், அக்கா, அண்ணா என்று அழைப்பேன்” என்பது வழக்கமான விடை. நல்ல விடைதான், ஆனால் அங்கே நின்றுவிடக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில், ஐ.வி. குழாயும் கத்தீட்டரும் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைக் கொள்கலனில், கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில் போக வேண்டும். நர்ஸ் அவசரத்தில் ஊசியைச் சிவப்புப் பையில் போட்டுவிட்டால், அந்தப் பையைக் கட்டித் தூக்கும் ஆயாம்மாவின் கையில்தான் அது குத்தும்; ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. அபாயம் அவருக்குத்தான். “நான் பயன்படுத்திய ஊசியை நானே, அங்கேயே, உரிய கொள்கலனில் போடுவேன், ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு நான் காட்டும் முதல் மரியாதை அதுதான்” என்று ஒருவர் சொன்னால், தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் குழுவில் அமர்ந்திருக்கும் பட்சத்தில் அவர் தலைநிமிர்ந்து பார்ப்பார்.

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் கேரளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களோடு வேலை செய்ய வேண்டியிருக்கும். இது பற்றிக் கேட்டால் சுருக்கமாகச் சொல்லலாம்: நோயாளி பற்றிய பேச்சை எல்லாருக்கும் புரியும் மொழியில் பேசுவேன், தமிழ் தெரியாத சக நர்ஸுக்கு நோயாளி சொல்வதை மொழிபெயர்த்து உதவுவேன், அவர் முன்னிலையில் அவருக்குப் புரியாத மொழியில் பேசிச் சிரிக்க மாட்டேன்.

ஐந்தாம் படி: விடையிலிருந்து நீக்க வேண்டியவை

முன்பு பயின்ற அல்லது பணிபுரிந்த மருத்துவமனையைப் பற்றிய குறைகளை நேர்காணல் அறைக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். ஏன் விலகினீர்கள் என்று கேட்டால், நடந்ததைச் சுருக்கமாக, பெயர்கள் இல்லாமல் சொல்லி, எதைக் கற்றுக்கொள்ள விரும்பி இங்கே வருகிறீர்கள் என்பதற்கு நகர்ந்துவிடுங்கள். வேலைப்பளுவோ சம்பளமோ உண்மையான காரணமாக இருந்தால் அதை நேராகச் சொல்வதில் தவறில்லை. ஒரு நபரின் மேல் பழி சுமத்துவதுதான் தவறு.

“நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்” என்ற தொடரையும் விட்டுவிடுங்கள். குடும்பத்தில் ஒருவர் தவறை ஒருவர் மூடிமறைப்பார்கள். வார்டில் அது ஆகாது. “மற்றவர்களின் வேலையையும் நானே செய்துவிடுவேன்” என்பதும் வேண்டாம். எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொள்பவரின் மருந்து நேரங்கள் தள்ளிப்போகும் என்பது இன்சார்ஜுகளுக்குத் தெரியும். உங்கள் நோயாளிகளுக்கு உரியதை முடித்துவிட்டு உதவுவேன் என்று வரிசையைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் பணிக்குச் செல்வோர் கவனிக்க

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் நேர்காணல்கள் பெரும்பாலும் விழுமியங்களை அடிப்படையாகக் கொண்டவை. அங்குள்ள நர்சிங் மற்றும் மருத்துவச்சி கவுன்சில் 2015-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து 2018-இல் புதுப்பித்த நடத்தை நெறியை முழுவதும் படித்துவிட்டுப் போங்கள். ஒத்துழைப்பதும், அபாயத்தைக் கண்டால் குரல் கொடுப்பதும் அதில் நர்ஸின் கடமைகளாகவே எழுதப்பட்டுள்ளன. ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் நீண்ட காலம் புறக்கணிக்கப்பட்டதை விசாரித்த அறிக்கை 2013-இல் வெளிவந்தது. ஊழியர்கள் அச்சமின்றிப் பேசுவதற்கான தனிப் பொறுப்பாளர்கள் அங்கே மருத்துவமனைதோறும் பின்னர் நியமிக்கப்பட்டதற்கு, அந்த விசாரணை எழுப்பிய கேள்விகளே தொடக்கம். ஆகவே “பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்” என்பது நம் ஊரில் பணிவாகத் தெரியலாம். அங்கே அது உங்களுக்கு எதிராகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். கன்சல்டன்டையே முதற்பெயரால் அழைக்கும் வார்டுகள் அங்கே உண்டு. நேர்காணலில் அப்படி அழைக்க வேண்டும் என்பதில்லை. பதவியைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட மாட்டேன் என்பதை ஒரு நிகழ்வின் வழியாகக் காட்டினால் போதும்.

ஆறாம் படி: ஒத்திகையும் அன்றைய நாளும்

விடைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கைந்து சொற்களை மட்டும் ஒரு சிறு தாளில் எழுதிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கைப்பேசியில் பதிந்து கேட்டால் எங்கே இழுக்கிறீர்கள் என்று தெரியும். வீட்டில் உள்ளவரைவிட, வார்டு தெரிந்த சீனியர் ஒருவரிடம் சொல்லிக் காட்டுவது நல்லது, ஏனெனில் அவரால்தான் துணைக்கேள்வி கேட்க முடியும். நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்து, நடுவில் சொல் கிடைக்காமல் போனால் அனுமதி கேட்டுத் தமிழில் சொல்லுங்கள். திணறிக்கொண்டே நிகழ்வைப் பாதியில் விடுவதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல்.

கேள்வி காதில் விழுந்ததும் விடையைத் தொடங்கிவிட வேண்டியதில்லை. “ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன், மேடம்” என்று கேட்பதற்கு யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை.

இறுதியில் “உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். இல்லை என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். புதியவர்களுக்கு ப்ரிசெப்டர் (உடனிருந்து பயிற்றுவிக்கும் மூத்த நர்ஸ்) ஒருவரை ஒதுக்குவீர்களா, எத்தனை வாரம் அவரோடு இருப்பேன், ஹேண்டோவர் படுக்கை அருகே நடக்குமா அல்லது நர்சிங் ஸ்டேஷனில் நடக்குமா, இரவு ஷிஃப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள், புதியவருக்கு ஐயம் வந்தால் இரவில் யாரை அழைக்க வேண்டும் என்ற கேள்விகளில் இரண்டு மூன்றைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை வெளியே வந்ததும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மருத்துவமனைகளிலிருந்து பணி ஆணை வந்தால், சம்பளத்தையும் விடுதியையும் ஒப்பிடும்போது இந்தப் பதில்களையும் பக்கத்தில் வைத்து முடிவெடுக்கலாம்.